உன் பெயரில் மரம் எண்ணும் இயந்திரம்

இன்று மத்தியானம் புனேயில் நம் விமான் நகர் அலுவலகம் முழுக்க அன்னாசி கேக் வாசனை. மேலே பச்சைக் கிரீமில் ஒரு மரம், அதன் கீழே உன் பெயர். வான்படங்களைப் பார்த்து மரங்களைத் தனித்தனியாக அடையாளம் காணும் நம் மென்பொருளின் புதிய பதிப்புக்கு உன் பெயரை வைத்திருக்கிறார்கள். உன்னை ஒரு கூட்டத்திலும் முழுதாகப் பேசவிடாதவர்கள், உன் அருமையைப் பேசித் தீர்க்காமல் கேக் வெட்டக் கத்தியை எடுக்கவில்லை. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டாவது துண்டு எடுத்துக்கொண்டார்.

போன கோடையில், சாலை போடவிருந்த ஒரு மலைச்சரிவின் படங்கள் வந்த நாளை நினைத்துக்கொண்டேன். இலையடர்ந்த மரங்களை மட்டும் காட்டிப் பழக்கிய இயந்திரம், ஏப்ரலில் இலையுதிர்த்து நின்ற தேக்கைப் பார்த்து வெறும் தரை என்றது. சில இடங்களில் மரத்தை விட்டுவிட்டு, காய்ந்த புல்லில் விழுந்த நிழலைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. அறிக்கை அப்படியே போனால் சரிவில் மரமே இல்லை என்றாகும். சாலை போடுபவர்கள் யாரையும் கேட்காமல் வெட்டிக்கொள்ளலாம்.

"மிஷின் பொய் சொல்லாதும்மா" என்றார் மேலாளர். அன்றுதான் திருப்பதியில் மொட்டை போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"அச்சா சார். இப்போ உங்களுக்கு மேல டிரோன் விட்டா இந்த சீட்ல ஆள் இல்லன்னு சொல்லும். காலி சீட்டுன்னு ரிப்போர்ட் அனுப்பிடலாமா?"

இதைச் சொல்லும்போது நீ சிரிக்கவில்லை. அதனால்தான் அவர் உன்னை மன்னிக்கவில்லை.

அன்று மாலை உன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து விஷ்ராந்த்வாடிக்குத் திரும்பும்போது, முட்டாள்கள் என்று நான் சொன்னேன். நீ சிக்னலில் தலையைத் திருப்பினாய். "முட்டாளா இருந்தா பரவால்ல டி. இவங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் நிம்மதியா தூங்குறாங்க."

மழை முடிந்ததும் மறுபடி படமெடுக்க வேண்டும் என்று அறிக்கையை நிறுத்திவைத்தாய். அந்த மழையிலேயே டெங்கு உன்னைக் கொண்டுபோனது. மறுபடி யாரும் படமெடுக்கவில்லை.

கேக் தட்டுகளைக் குப்பையில் போட்ட கையோடு மேலாளர் என் மேசைக்கு வந்தார். "அந்தச் சரிவு ஃபைல் இன்னிக்கே போயிடட்டும்மா. செக் பண்றது இப்போ நீதான. ஒரு ஓகே மட்டும் போடு."

"மழைக்கு அப்புறம் எடுத்த படம் எங்க சார்?"

"அதெல்லாம் இனிமே எங்க எடுக்கறது? அவ பேர்லதான போகுது. அந்த மரியாதைக்காவது போடேன்."

நீ எதிர்த்த அதே பொய், உன் பெயரோடு. கோபம்கூட வரவில்லை எனக்கு. கோபப்படவும் எதிரில் இருப்பவருக்கு ஒரு தகுதி வேண்டும். படங்களை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நிழலின் நுனியிலும் சாம்பல் நிறத்தில் மெல்லியதாக ஒரு மரம் நின்றது. அறிக்கையை நிராகரித்தேன். காரணம் கேட்ட கட்டத்தில், "மரங்கள் இருக்கின்றன, இலைகள்தான் இல்லை" என்று எழுதினேன்.

அவர் குனிந்து திரையைப் படித்தார். "அவகிட்ட எவ்வளவோ நல்லது இருந்துச்சு. நீ போயும் போயும் இதைத்தானா கத்துக்கிட்ட?"

ஆமாம், இதைத்தான். உன் பொறுமை எனக்கு வரவில்லை, உன் கணக்கும் வரவில்லை. தெரிந்தே பொய் சொல்பவரின் முகத்தை நேராகப் பார்த்து, சிரிக்காமல் இருக்க மட்டும் வருகிறது. அப்படியே பார்த்தேன். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.