தளபதி வீட்டுச் சீர்

கண்ணை மூடிப் போன பிறகும் என் பேச்சுக்குக் காது கொடுக்கும் என் மாமாவுக்கு,

நம் கவிதாவுக்கு நேற்று முன்தினம் நிச்சயம் வைத்திருந்தோம், எருமப்பட்டி மண்டபத்தில். மாப்பிள்ளை அமெரிக்கா. இங்கிருந்து போய் அங்கே குடியிருப்பவர் இல்லை, அந்த நாட்டுக்காரரே. பெயர் நேதன். அங்கே கவிதா நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் மருந்துப் பிரிவில் வேலை. உங்கள் பேத்தி அவர் தோள் உயரம்கூட இல்லை. ஆனால் அவர்தான் இவளுக்குப் பயப்படுகிறார்.

தட்டு மாற்றினீர்களா என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் தலையில் கை வைத்து நான் செய்த சத்தியத்தை, இருநூறு பேர் முன்னால் மீறிவிட்டேன்.

முதலில் என் தப்பு. நேதனின் அப்பா ஒருநாள் போனில் முகம் பார்த்துப் பேசும்போது தன் வம்சத்தைப் பற்றிச் சொன்னார். ஏழு தலைமுறைக்கு முன்னால், அந்த நாடே புதிதாக உண்டான காலத்தில், இவர்கள் பாட்டன் ஒருவர் குதிரைப்படைத் தளபதியாக இருந்தாராம். பத்தொன்பது வயதில் அப்பாவின் குதிரையை ஓட்டிக்கொண்டு போய்ப் படையில் சேர்ந்தாராம். ஏறியிருந்த குதிரை இரண்டு தடவை குண்டடிபட்டு விழுந்ததில், கடைசிவரை ஒரு காலைச் சாய்த்துத்தான் நடந்தாராம். சண்டை முடிந்ததும் சர்க்கார் நிலம் கொடுத்திருக்கிறது. புகையிலை போட்டிருக்கிறார். மூன்று மகன், நான்கு மகள். கவிதா தமிழில் சொல்லச் சொல்ல, எனக்குப் புல்லரித்துப் போயிற்று.

"யாரோட சண்டை சாமி?" என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரங்களோட, அப்பத்தா."

"இவுங்களே வெள்ளைக்காரங்கதான?"

"அது வேற வெள்ளைக்காரங்க."

நம் மகன் செல்வம் குறுக்கே புகுந்தான். "பங்காளிச் சண்டைன்னு சொல்லு. நம்மூட்ல இல்லாததா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை, மாமா. பால் சொசைட்டியில் சொன்னேன், ரேஷன் கடையில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமும் சொன்னேன். செல்வம் என்னையும் மிஞ்சினான். பஸ் நிறுத்தத்தில் பெரிதாகப் பிளக்ஸ் வைத்தான். முன்னங்காலைத் தூக்கி நிற்கும் வெள்ளைக் குதிரை. மேலே கத்தியோடு ஒரு வீரன், அவன் கழுத்துக்கு மேல் நேதனின் முகம். 'குதிரைப்படைத் தளபதியின் வாரிசே வருக வருக' என்று எழுத்து. கீழே கைகூப்பியபடி நான்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் மதியம் நேதன் காரை விட்டு இறங்கி அந்தப் பிளக்ஸைப் பார்த்தார். சிரிக்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"அப்பத்தா, அத எடுத்துருங்க." கவிதா சொல்லிக்கொடுத்த தமிழ்.

"ஏஞ்சாமி, மூஞ்சி நல்லா உழுகலையா?"

அவர் போனில் ஒரு பழைய காகிதத்தின் படத்தைக் காட்டினார். தளபதி எழுதிய உயில். கவிதா அதைப் படித்துச் சொன்னாள். மூத்தவனுக்குக் குதிரைகள். நடுவுளவனுக்குக் கத்தி. சின்னவனுக்குச் சேணம். மகள்களுக்குக் கல்யாணச் சீராக ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு செப்புப் பானை, ஒரு பசு. பிறகு ஆளுக்கு ஒரு பெண்பிள்ளை. கடைசி மகளுக்கு எழுதி வைத்த பிள்ளையின் பெயர் ஹானா. வயது ஒன்பது.

"பெண்பிள்ளைன்னா?" என்றேன்.

"அடிமைங்க, அப்பத்தா. கறுப்புச் சனங்க. அவுங்கள வெச்சுத்தான் பொகையிலப் பண்ணையமே நடந்திருக்குது. இவரு என்கிட்ட போன வருசமே சொல்லிட்டாரு. இவங்க அப்பாதான் எப்பவும் உயிலுக்கு முன்னாடியே கதைய நிறுத்திக்குவாரு."

ஒன்பது வயது என்று காதில் விழுந்ததும் எனக்கு உங்கள் அக்கா பழனியம்மா நினைவு வந்துவிட்டது. அக்காவை நான் பார்த்ததில்லை. நீங்கள் சொன்னதுதான். பெரிய வீட்டுப் பண்ணையத்தில் உங்கள் அப்பா ஆளாக இருந்தபோது, அந்த வீட்டுப் பெண்ணை மோகனூரில் கட்டிக் கொடுத்தார்கள். பாத்திரம், பண்டம், கறவை மாடு எல்லாம் ஏறின வண்டியில், கூடமாட வேலைக்கென்று அக்காவையும் ஏற்றி விட்டார்கள். அக்காவுக்கு ஒன்பது, உங்களுக்கு நாலு. ஒருதடவை வந்து போனதோடு சரி. பிற்பாடு நீங்கள் மோகனூருக்குக் கரும்பு லோடு ஏற்றிப் போனபோதெல்லாம் விசாரித்தீர்கள். அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டது என்றார்கள்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். "நம்ம காலத்தோட போவுட்டும்" என்றீர்கள். நானும் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். ஆனால் அன்று மதியம் கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க அப்பத்தா, இந்த ஊட்டுக்கு நான் வாக்கப்படலாமா?" என்று கேட்டாளே, நான் எதை மறைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியும்? அவளிடம் சொன்னேன். நேதனிடமும் சொல்லச் சொன்னேன். வாக்கப்படலாமா, கூடாதா என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கே தெரியவில்லை. பிளக்ஸைச் செல்வமே போய் அவிழ்த்துவிட்டு வந்தான். ஏன் என்று அவனிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் பெரிய வீட்டுப் பேரன் உட்கார்ந்திருந்தார். செல்வம்தான் நேரில் போய் அழைத்திருந்தான். தட்டு மாற்றுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பெரியவர்கள் எழுந்து, இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகன் என்று முன்னோரைச் சொல்வது வழக்கம் இல்லையா? சம்பந்தி வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டுக்கொண்டு எழுந்தார். தளபதியில் ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நம் பக்கம் செல்வம் எழுந்தான். அவன் கையிலிருந்த தட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

"ஆம்பளைங்க பேசட்டுமுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆம்பள போயி மூணு வருசமாச்சு. நாந்தான் பேசோணும்" என்றேன்.

பிறகு சொன்னேன், மாமா. "எங்க மாமனாரு இந்த ஊருல பண்ணையத்துல ஆளா இருந்தவரு. எங்கூட்டுக்காரரு லாரி ஓட்டுனாரு. அவருக்கு ஒரு அக்கா, பேரு பழனியம்மா. ஒம்பது வயசுல, பெரிய ஊட்டுப் பொண்ணோட சீர் வண்டியில ஏத்தி உட்டுட்டாங்க. அப்பறம் என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. சம்பந்தி, உங்கூட்லயும் அப்படிச் சீராப் போன புள்ளைங்க இருக்குதாமா. அதுங்க பேரையும் சொல்லுங்க. அப்பறம் தட்டு மாத்திக்கலாம்."

செல்வத்தின் முகம் கறுத்துவிட்டது. "அம்மா, மானத்த வாங்காத. உக்காரு."

"ஒக்கார மாட்டேன்டா."

மணப்பெண்ணாக மேடையில் நின்ற கவிதா ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். சம்பந்திக்குக் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. குனிந்து மகனிடம் ஏதோ சொன்னார்.

"என்னங்கறாரு?"

"நல்ல நாள்ல இது எதுக்குங்கறாரு, அப்பத்தா."

"நல்ல நாள்லதான அந்தப் புள்ளைங்களையும் அனுப்புனாங்க."

அதையும் கவிதா சொன்னாள். நல்ல நேரம் முடியக் கால்மணி நேரம் இருந்தது. தேங்காயும் பழமுமாகத் தட்டு கனத்தது. அவர் வாயைத் திறக்கவில்லை என்றால் நான் என்ன செய்திருப்பேன்? என் பேத்தி கல்யாணத்தை நானே நிறுத்தியிருப்பேனா? எத்தனை தடவை கேட்டுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை, மாமா.

நேதன், உயில் இருந்த போனை அப்பாவிடம் நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. போச்சு என்று நினைத்தேன். ஆனால் போனைப் பாராமலே சொன்னார். நான்கு பெயர், நான்கு வயது. மனப்பாடமாக வைத்திருந்தார், மாமா. கடைசியாகச் சொன்னது ஹானா. அந்தப் பெயருக்கு மேல் தங்களுக்கும் ஒன்றும் தெரியாது என்றார்.

தட்டை அவர் கையில் கொடுத்தேன். கவிதா அழுதாள். செல்வம் சாப்பாட்டுக்கு வரவில்லை, வெளியே நின்ற தன் லாரியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு பெரிய வீட்டுப் பேரன் என்னிடம் வந்தார். நான் தயாராகத்தான் நின்றேன், ஒரு சொல் தப்பாக வந்தால் இரண்டாகத் திருப்பிக் கொடுக்க. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க மோகனூர் அத்தை ஊட்டுக்காரங்க இப்ப சேலத்துல கொண்டப்பநாயக்கன்பட்டியில இருக்கறாங்க. சின்ன வயசுல நான் போனப்ப, பழனின்னு கூப்புடுவாங்க ஒரு அம்மாவ, சமையக்கட்டுல. அவுங்களான்னு தெரியலைங்க" என்று சொல்லி, ஒரு காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

இன்று காலை கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தோம். பெரியோர் பெயர் வரிசையில் உங்களுக்கு அடுத்து உங்கள் அக்கா பெயரைப் போடச் சொன்னேன். இரண்டு நாளாக என்னோடு பேசாத செல்வம் அப்போதுதான் வாயைத் திறந்தான். "போடலாம்மா. ஆனா அத்தை பேருக்கு முன்னாடி என்ன போடறது? தெய்வத்திருன்னா? திருமதின்னா?"

பேனாவை மூடி வைத்துவிட்டோம். அக்கா இருந்தால் எண்பதைத் தாண்டியிருக்கும். நான்கு வயதில் பார்த்த தம்பி போய்விட்டான் என்று நான் எப்படிச் சொல்வேன்?

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு நானும் கவிதாவும் கொண்டப்பநாயக்கன்பட்டி போகிறோம். செல்வம் வருவதாக வாயால் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு லோடு எடுக்கவில்லை என்று போனில் யாரிடமோ சொல்வதைக் கேட்டேன். அந்தப் பெயருக்கு முன்னால் போட வேண்டியது எது என்று தெரிந்துகொள்ளாமல் பத்திரிகை அச்சுக்குப் போகாது. அக்கா உயிரோடு இருந்தால் மணவறையில் உங்கள் இடத்தில் உட்கார வைப்பேன். இது நான் உங்களுக்குச் செய்யும் இரண்டாவது சத்தியம். முதலாவதை மீறியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

உங்கள் மனைவி,
பழனியம்மாவின் தம்பி பெண்டாட்டி,
அங்கம்மா