ஆளில்லாத ரயிலுக்குக் கை காட்டியது

மண்டூர் முருகன் துணை

நாவற்குடா
14.03.2025

அன்பு மகள் கம்சாயினிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அதேபோல நீயும் மருமகன் ஜெயந்தனும் பேரன் நிலோஜனும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் அங்கே சுகமாய் இருக்க வேண்டும் என்று மண்டூரானைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ நினைப்பாய். மூன்று கிழமையாய் நீ என் கோலை எடுக்கவில்லை, மருமகனிடம் கேட்டால் அவ படுத்திருக்கா மாமி என்கிறார், விடிய எடுத்தாலும் படுத்திருக்கிறாய், பின்னேரம் எடுத்தாலும் படுத்திருக்கிறாய். முப்பது வருஷம் மருத்துவிச்சி வேலை பார்த்தவளுக்குக் கர்ப்பிணி எவ்வளவு நேரம் படுப்பாள் என்று தெரியாதா. எதிர்வீட்டு நிதுர்ஷன் லீவு முடிந்து திங்கட்கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறான், அவனுடைய கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கோலை வெட்டலாம், கடிதத்தை வெட்ட முடியாது.

முதலில் வீட்டுப் புதினம். கரடியனாற்று வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டி முடிந்தது, இந்த முறை நெல் நல்ல விளைச்சல் என்று அப்பாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. நான் இல்லாத ஐந்து நாளும் பாணும் சம்பலும் சாப்பிட்டே காலத்தைக் கடத்தியிருக்கிறார், கேட்டால் சமைத்தேன் என்று சாதிக்கிறார், ஆனால் நான் வைத்துவிட்டுப் போன அரிசி வைத்தபடியே இருக்கிறது. பின்வளவு மா பூத்திருக்கிறது. பக்கத்து வளவுக்காரர் வேலியை ஒரு முழம் நம் பக்கம் நகர்த்தப் பார்த்தார், அப்பா போய் நின்றதும் திரும்ப அங்கேயே நட்டுவிட்டார்.

இனி நீ கோபமாய் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். உண்மையைச் சொல்லுகிறேன் மகள், சுற்றி வளைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முதல் நிலோஜன் பிறக்கும்போது கனடா விசா வந்தும் நான் வரவில்லை, முழங்கால் நோவுக்குப் பிளேனில் அவ்வளவு நேரம் இருக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதாய் உனக்குச் சொன்னேன். அப்படி எந்த டொக்டரும் சொல்லவில்லை. நான் எந்த டொக்டரிடமும் கேட்கவுமில்லை. அந்தப் பொய்யோடு மூன்று வருஷம் இருந்துவிட்டு, போன மாதம் கூட்டாளிகளோடு சிங்கப்பூர் பார்க்கப் போனேன், அதையும் உனக்குச் சொல்லவில்லை. நீ வதனியின் பேஸ்புக்கில் என் படத்தைப் பார்த்துத்தான் அறிந்தாய். பிழை முழுக்க என்னுடையது. ஏன் பொய் சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், அதற்கு முன் அங்கே நடந்ததைக் கேள், அப்போதுதான் விளங்கும்.

போனது நாங்கள் நாலு பேர், எல்லோரும் வாவிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றாய் வேலை பார்த்த மருத்துவிச்சிகள். காத்தான்குடி றஸீனாவை உனக்குத் தெரியும், நீ பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தவள். வதனி எங்களில் இளையவள், போன வருஷம்தான் பென்சன் எடுத்தாள், படம் எடுக்கிறதும் போடுகிறதும் அவளுடைய வேலை. ஆச்சிப்பிள்ளை அக்காவுக்கு எழுபது முடிந்துவிட்டது, எங்கள் எல்லோருக்கும் வேலை பழக்கியவர், இன்னும் எங்களைப் பயிற்சிக்கு வந்த பெட்டைகள் என்றே நினைக்கிறார். நெரிசலில் ஆளையாள் தவறவிடக் கூடாது என்று றஸீனா தன் தம்பியின் தறியில் ஒரே மஞ்சள் நிறத்தில் மூன்று சேலையும் தனக்கொரு முக்காடும் நெய்து எடுத்து வந்தாள். மஞ்சள் என்றால் சாதாரண மஞ்சள் இல்லை, கண் கூசும். அப்பா பார்த்துவிட்டு, நாலு பேரும் றோட்டில் நின்றால் வாகனங்கள் தானாய் நிற்கும் என்றார்.

கட்டுநாயக்காவிலேயே கூத்துத் தொடங்கிவிட்டது. ஆச்சிப்பிள்ளை அக்கா கைப்பையில் ஒரு சட்டி எருமைத் தயிர் வைத்திருக்கிறார், சிங்கப்பூரில் நல்ல தயிர் கிடைக்காதாம். சோதனையில் இதை உள்ளே விட முடியாது என்றுவிட்டார்கள். குப்பையில் போட அக்காவுக்கு மனமில்லை. எங்களை அங்கே கிடந்த நீள இருக்கை வாங்கில் வரிசையாய் இருத்தி, பையிலிருந்து கரண்டியும் சீனியும் எடுத்து, முழுச் சட்டியையும் எங்களுக்கே தீத்திவிட்டுத்தான் எழும்பினார். அதற்குப் பிறகு பாஸ்போர்ட் பார்க்கிற பொடியன் என்னுடையதைப் புரட்டி, கனடா விசா இருந்த பக்கத்தில் நின்று, தெரிந்த கொஞ்சத் தமிழில், அம்மா கனடா போகல்லையா என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். அவன் சும்மாதான் கேட்டான், ஆனால் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் இதை நீயே வைத்திரு என்று வதனியின் பைக்குள் போட்டுவிட்டேன்.

ஊர் நல்ல ஊர் மகள். நீ சொல்லுவாயே, அம்மாவுக்கு ஒன்றும் பிடிக்காது என்று, எனக்கு எல்லாம் பிடித்தது. றோட்டோர மரங்கள், காலையில் பூங்காவில் கை கால் அசைக்கிற கிழவர்கள், பேருந்தின் மேல் தட்டில் முன் இருக்கை. கோயில் இருக்கிறது, பள்ளி இருக்கிறது, றஸீனா தொழுதுவிட்டு வரும்வரை நாங்கள் வாசலில் வடை தின்றுகொண்டு நிற்போம். தண்ணீர் துப்புகிற சிங்கத்துக்கு முன்னால் நின்றுதான் நீ பார்த்த அந்தப் படம். கையைத் தூக்கு கையைத் தூக்கு என்று வதனி கத்தினாள், தூக்கினேன். முழங்கால் நோவுக்காரி மாதிரியா நிற்கிறேன் என்று நீ கேட்டால், இல்லைத்தான்.

மூன்றாம் நாள் நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயிலில் கடல் பக்கம் போக வெளிக்கிட்டோம். என் போனும் பாஸ்போர்ட்டும் வதனியின் பைக்குள் இருந்தன. ரயில் வந்தது, மற்ற மூன்று பேரும் ஏறிவிட்டார்கள், நான் வாசலில் ஒரு கால் வைக்கப் போனவள், பழக்கத்தில் பின்னால் கிறுகிப் பார்த்தேன். குருமண்வெளித் துறையில் நாங்கள் ஏறுகிற பாதைப் படகை நீ மறந்திருக்க மாட்டாய், சின்னதில் என்னோடு எத்தனை தரம் வாவியைக் கடந்திருப்பாய். அதில் ஏறுகிற எல்லோரும் முதலில் கரையைக் கிறுகிப் பார்ப்போம், யாராவது ஓடிவந்தால் கையைத் தூக்குவோம், படகுக்காரர் நிற்பார். முப்பது வருஷத்தில் ஒரு நாளும் என்னை விட்டுவிட்டுப் படகு போனதில்லை. மருத்துவிச்சி மிஸி வாறா, பொறுங்க பொறுங்க என்று கரையிலிருந்து யாராவது சொல்லுவார்கள். அந்தப் பழக்கம். கிறுகிப் பார்த்தால் ஒரு கர்ப்பிணிப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியால் இறங்கி வருகிறாள். எனக்குக் கை தானாய் எழும்பியது. ரயிலைப் பார்த்து நில்லு என்று கை காட்டினேன். கண்ணாடிக் கதவு என் மூக்குக்கு முன்னால் மூடியது. உள்ளே மூன்று மஞ்சளும் வாயைத் திறந்தபடி போய்விட்டன.

அந்தப் பிள்ளை வந்து சிரித்தாள். ஆன்ட்டி, இந்த ரயிலுக்கு டிரைவரே கிடையாது, யாருக்குக் கை காட்டினீங்க என்றாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளையாம், எட்டு மாதம். மூன்று நிமிஷத்தில் அடுத்தது வரும், வாங்க என்றாள். நான் வரமாட்டேன் என்றேன். படகைத் தவறவிட்டால் நின்ற கரையிலேயே நிற்க வேண்டும், போனது திரும்பி வரும், அதுதானே எங்களுக்குத் தெரிந்த ஒழுங்கு. அவளுக்கு என்னை விட்டுவிட்டுப் போக மனமில்லை, வாங்கில் பக்கத்தில் இருந்துகொண்டாள். கால் வீங்கியிருந்தது, அமத்திப் பார்த்தேன், உப்பைக் குறை, நாளைக்கே பிரஷர் பார் என்று சொன்னேன். பிறகு அவள் தன் போனை நீட்டி, நம்பர் ஏதாவது ஞாபகம் இருக்கா ஆன்ட்டி என்று கேட்டாள். எல்லா நம்பரும் போனுக்குள்ளேதான். அப்பாவுடைய நம்பர்கூட மனதில் வரவில்லை. மனப்பாடமாய் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர் மகள், அது உன்னுடையது.

போனைக் கையில் வாங்கினேன், நம்பரையும் அழுத்தினேன், கடைசி இலக்கத்தில் நிறுத்திவிட்டேன். எடுத்து என்ன சொல்லுவது. பிளேனில் ஏற முடியாத அம்மா சிங்கப்பூரில் துலைந்துபோய் நிற்கிறேன் என்றா. ஞாபகம் இல்லை என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பொய். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவள் ஒன்றும் அறியாமல் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அடுத்த வாரம் வர்றாங்க, லிஃப்ட்ல ஏறவே பயப்படுவாங்க, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது என்றாள். வந்து என்ன செய்வா என்று கேட்டேன். ஒண்ணும் செய்ய மாட்டாங்க ஆன்ட்டி, சும்மா உக்காந்திருப்பாங்க, எனக்கு அது போதும் என்றாள்.

அரை மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். முதுகுப் பக்கத்துக் கதவு திறந்தது, பார்த்தால் மஞ்சள், மூன்றும் இறங்குகின்றன. வதனி அடுத்த நிலையத்தில் இறங்குவோம் என்று அழுதிருக்கிறாள், றஸீனா விடவில்லையாம். இறங்காத புள்ள, நம்மட பாதைப் படகு அக்கரைக்குப் போய்த் திரும்பித்தானே வரும், அவ நிண்ட இடத்துலதான் நிப்பா என்று சொல்லி, கடைசி நிலையம்வரை போய், எதிர்ப்பக்கத்து ரயிலில் ஏறி வந்திருக்கிறார்கள். ஆச்சிப்பிள்ளை அக்கா என்னைக் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை, சேலைத் தலைப்பைச் சரியாய்ப் போடு என்றார். தஞ்சாவூர்ப் பிள்ளைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது, நாங்கள் நாலு பேரும் பயந்து அவளை அமத்திப் பிடித்தோம். பிறகு வதனி என் போனைத் தந்தாள். அதில் உன் செய்தி கிடந்தது. முழங்கால் இப்ப சுகமா அம்மா என்று ஒரே ஒரு வரி.

அந்த வாங்கிலேயே இருந்து அழுதேன். ஏன் அழுகிறாய் என்று மூன்று பேரும் கேட்க எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதுதான் அவர்களுக்கும் தெரியும். றஸீனா உன் பக்கம்தான் கதைத்தாள். ஊரில எல்லாப் புள்ளைகளுக்கும் போன நீ, உன்ட புள்ளைக்குப் போகல்லையா என்று கேட்டாள். இப்போது காரணத்தைச் சொல்லுகிறேன். எனக்குப் பிளேன் பயமில்லை, குளிர் பயமில்லை. ஆயிரம் பிரசவம் பார்த்திருப்பேன், ஒரு நாளும் அறைக்கு வெளியே நின்றதில்லை. அங்கே வந்தால் யாரோ வெள்ளைக்காரப் பெண் உன்னைப் பார்ப்பாள், அவள் சொல்வது எனக்கு விளங்காது, நீ நோவில் கத்துவது மட்டும் கேட்கும், நான் ஒன்றும் செய்யத் தெரியாத கிழவியாய்க் கதிரையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் பயந்தேன். உன் நோவை விட என் பெருமையைப் பெரிதாய் நினைத்துவிட்டேன். சும்மா இருப்பதும் ஒரு வேலைதான் என்று அந்தப் பிள்ளை சொல்லித்தான் எனக்கு விளங்கியது. என்னை மன்னித்துவிடு மகள்.

உப்பைக் குறை, இடப்பக்கம் சரிந்து படு, இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடாதே. நிலோஜனைத் தூக்காதே, தூக்கச் சொல்லி அழுதால் நீ நிலத்தில் இருந்துகொண்டு மடியில் வைத்துக்கொள். மருமகனுக்குச் சொல்லு, கோலை எடுத்து எடுத்துப் பொய் சொல்லிக் களைத்திருப்பார், இனிச் சொல்ல வேண்டாம். நிதுர்ஷனின் பையில் அரிசிமா, ஒடியல், றஸீனா தந்த மஸ்கோத்து இனிப்பு, நிலோஜனுக்கு மஞ்சளில் ஒரு சட்டை, எல்லாம் இருக்கிறது. சட்டை அந்தச் சேலையில் மிஞ்சிய துணி, வெளியே கூட்டிப்போனால் தவறவிட மாட்டாய். பிள்ளை பெற்ற பிறகு நீ சாப்பிட வேண்டிய சரக்குத் தூளை மட்டும் வைக்கவில்லை, தேடாதே. போன முறை பார்சலில் அனுப்பினேன். இந்த முறை வறுத்து இடித்து நானே கொண்டு வருவேன். மே இருபத்தெட்டுக்கு டிக்கெட் போட்டாயிற்று, அதே விசாதான், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. மண்டூர்க் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு முன் திரும்ப வேண்டும், அதுவரை உன்னோடுதான். வர வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, சொன்னாலும் வருவேன்.

எல்லா நலமும் பெற்று, சுகமாய்ப் பெற்றெடுத்து, நூறு வயது இரு. அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். பிளேன் வந்து இறங்குகிற நேரத்தை நிதுர்ஷன் எழுதித் தருவான், மறக்காமல் குறித்துவை. நீ பிந்தினாலும் பதறி ஓடிவராதே, நிறைமாதம். இறங்கின இடத்திலேயே மஞ்சள் சேலையோடு நிற்பேன்.

உன் அன்பு அம்மா,
யோகமலர் நல்லரத்தினம்