பாப்பா நிறுத்திய இடம்

என் வீட்டு எஜமானியம்மாவுக்கு, உன் வாத்தியார் எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? எனக்கு இருமல் மட்டுந்தான்.

பழைய வீடியோ கேம்களைப் பழுது பார்க்கும், நான் வேலை செய்யும் இந்தக் கடைக்கு வருகிறவர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள். புதிது எத்தனை வந்தாலும் சின்ன வயதில் ஆடியதையே தேடுகிறார்கள். அந்தக் காலத்துக் கேசட்டுக்குள் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று உண்டு. ஆட்டத்தை எங்கே நிறுத்தினோம் என்பதை அதுதான் காத்து வைக்கும். கரும்பலகையில் எழுதியதை யாரும் அழிக்காமல் வகுப்புத் தலைவன் காவல் நிற்பது போல என்று வைத்துக்கொள்.

நேற்று ஒருவருடைய கேசட்டில் பேட்டரி மாற்றினேன். வேறு மின்சாரம் கொடுக்காமல் பழையதைக் கழற்றிவிட்டேன். எல்லாம் அழிந்துபோனது.

"எங்க அண்ணன் கடைசியா விளையாடினது சார். அவர் இப்ப இல்ல" என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் முட்டை போட்டீங்க, இன்னிக்கு உங்களுக்கே முட்டையா வாத்தியாரே!" என்று முதலாளி சிரித்தார். வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதே.

ஒரு சின்ன உதவி. பீரோவின் மேல்தட்டில் நம் பாப்பாவின் கேசட் இருக்கிறது. அவள் நம்மை விட்டுப் போவதற்கு முந்தின வாரம் நிறுத்திய ஆட்டம் அதில்தான். பழுது பார்க்க யாரிடமும் கொடுத்துவிடாதே. இருபத்திரண்டு வருஷம் அந்தப் பேட்டரி தாங்குமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

என் பழைய மஃப்ளரை அனுப்பு. கடை திறக்க நேரமாகிவிட்டது. கேசட்டை நீ தனியாகப் போட்டுப் பார்க்காதே. அவள் ஆட்டம் அதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் வந்த பிறகு சேர்ந்தே பார்ப்போம்.