உங்கம்மா கத்தினது எனக்குக் கேக்கலை

தென்காசி
திங்கட்கிழமை காலை

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு அப்பா எழுதுதேன். இங்கன நானும் உங்கம்மாவும் உசுரோட இருக்கோம், நீ புனேயில நல்லபடியா இருக்கணும்னு தினமும் காசிவிசுவநாதர்ட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன். சுகம்னு எழுதாம உசுரோடன்னு எழுதிருக்காரேன்னு பதறாதேம்மா, முழுசா வாசி. போன்ல சொல்ல ரெண்டு தடவை வாயெடுத்தேன், வேற பேச்சுக்குப் போயிட்டேன், அதான் பேப்பரை எடுத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை நீ பேசிக்கிட்டு இருக்கும்போதே லைன் கட்டாச்சுல்லா, செல்லு தண்ணில விழுந்துட்டுன்னு சாயங்காலம் உங்கம்மா போன்ல இருந்து சொன்னேன். அது பாதிதான் நெசம். மோட்டார் ரிப்பேருக்குத் தெரியாத தோப்புக்கெல்லாம் போறேன்னு நீ ஆசையா அனுப்பினியே ஜிபிஎஸ்ஸும் ஹெல்மெட் ஸ்பீக்கரும், அதை ஒண்ணோட ஒண்ணு சேர்க்கத் தெரியாம ரெண்டு நாள் முழிச்சேன். வழி சொல்லுத குரல் ஹெல்மெட்டுக்கு வராம ஹேண்டில்பார்லயே கத்திக்கிட்டு இருந்துச்சு. கடைசில பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வச்சிருக்க சுந்தரபாண்டியன்தான் புளூடூத்துல ஜிபிஎஸ்ஸையும் என் செல்லையும் ஹெல்மெட்டோட சேர்த்துக் குடுத்தான். காத்துச் சத்தத்துல கேக்காது, சவுண்டை முழுசா ஏத்துன்னு சொன்னது நான்தான்.

அன்னைக்கு உங்க சித்தி இசக்கிசெல்வி ஆயிரப்பேரி பக்கம் கட்டின புது வீட்டைப் பாக்க நானும் உங்கம்மாவும் கெளம்பினோம். குற்றாலம் ரோடு பூரா சீசன் கூட்டம், வெளியூர் வண்டியா நிக்கு. ஜிபிஎஸ் தோப்புக்குள்ள ஒரு சின்ன ரோட்டுல திருப்பி விட்டுச்சு. இங்கன சாரல்தான், மலை மட்டும் காலையில இருந்தே கறுத்துக் கெடந்துச்சு. அந்நேரம் நீ கூப்பிட்டே, நல்லா கேக்குதாப்பான்னு கேட்டே, பக்கத்துல இருந்து பேசுத மாதிரி இருக்கும்மான்னு நான் பெருமையாச் சொல்லிக்கிட்டே போறேன். தேங்காய் பொறுக்கிக்கிட்டு இருந்த ஒரு பொம்பளைப் பிள்ளை கையை ஆட்டிக்கிட்டு ஓடி வருது, சாஜிதான்னு அது பேரு பெறகுதான் தெரியும். "போகாதீய அண்ணாச்சி, ஓடைல வெள்ளம் வருது"ன்னு அது கத்திருக்கு. உங்கம்மாவும் நில்லுங்க நில்லுங்கன்னு கத்தி முதுகுல அடிச்சிருக்கா. வண்டி ஓட்டிக்கிட்டே போன் பேசுதேன்னு ஏசுதாளோன்னு நெனைச்சு இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். உன் பேச்சுக்கு நடுவுல நேராகச் செல்லவும்னு ஜிபிஎஸ் சொல்லிச்சு, நானும் தரைப்பாலத்துல இறங்கிட்டேன்.

கணுக்கால் அளவுதான் தண்ணி. திடீர்னு வண்டி லேசாச்சு. திரும்பிப் பாத்தா பின்னால உங்கம்மா இல்லை. எம்மா, அந்த நேரத்தை நான் எப்படி எழுதுவேன். பாலத்துல இறங்கும்போதே அவ குதிச்சு விழுந்து, ஓரத்துல நட்டிருந்த கல்லைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கா. அவ வாய் அசையுது, சத்தம் வரலை, ஏம்ப்பா பேச மாட்டேங்கீங்கன்னு உன் குரல்தான் காதுல கேக்குது. வண்டியைப் போட்டுட்டு ஓடினேன். அவ கையை நான் பிடிக்கவும் மரக்கிளையோட செந்தண்ணி இடுப்புக்கு ஏறிட்டு. அந்த சாஜிதா தேங்காய் கட்டுத கயித்தைத் தூக்கிப் போட்டு, மரத்துல ஒரு சுத்து சுத்தி, எங்க ரெண்டு பேரையும் இழுத்தா. செல்லு டேங்க் மேல பைல இருந்துச்சு, வண்டியோட உருண்டு போச்சு. கொஞ்ச தூரம் வரைக்கும் நீ அப்பா அப்பான்னு கூப்பிட்டது ஹெல்மெட்டுக்குள்ள கேட்டுச்சு, பெறகு நின்னுட்டு.

உங்கம்மாவுக்கு இடது மணிக்கட்டு முறிஞ்சு மாவுக்கட்டுப் போட்டிருக்கு, ஆறு வாரம் ஆகுமாம். வீடியோ வேண்டாம்னு மழுப்பினது அதுக்குத்தான். எனக்கு ஒரு கீறல் இல்லை, அதுதாம்மா தாங்கலை. அவ ஒரு வார்த்தை ஏசலை, நீங்க வண்டியை விட்டுட்டு எங்கிட்ட ஓடி வந்தீயள்லா, அது போதும்ங்கா. வண்டி ரெண்டு நாள் கழிச்சுக் கெடைச்சுது, ஏறத்தான் தைரியம் இல்லை. நேத்து ஆலங்குளத்துக்கு வேலைக்குப் பஸ்லதான் போனேன். ரோட்டுல நடந்து போனாக்கூட பத்தடிக்கு ஒருக்க திரும்பிப் பாக்கேன்.

உன் மேல குத்தம் இல்லைம்மா, அப்படி நெனைச்சுறாதே. ஆனா ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு. அன்னைக்கு உன் பக்கம் ஹாரன் சத்தமும் லாரிச் சத்தமும் கேட்டுச்சு. நீயும் இதே மாதிரி ஹெல்மெட் ஸ்பீக்கர்தான வச்சிருக்கே, வண்டி ஓட்டிக்கிட்டேதான் பேசினியா? அதை நெனைச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை. இடது பக்க ஸ்பீக்கரைக் கழட்டிரலாம்னும், செல்லைச் சேர்க்காம வழி சொல்லுதது மட்டும் வரும்படி வச்சுக்கலாம்னும் சுந்தரபாண்டியன் சொல்லுதான். இன்னைக்கே செய்யி. ஒரு காதை ரோட்டுக்கு விட்டுரு. வழி தப்பினா யார்ட்டயாவது கேட்டுக்கலாம், அரை மணி பிந்தினா ஆபீஸ் ஓடியா போயிரும்?

இலஞ்சி கோயில் குமரன் உன் கூடவே வரட்டும், நீ நூறு வயசு நல்லா இருக்கணும் தாயி. சாஜிதாவுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்கணும்னு உங்கம்மா சொல்லுதா, நீ வரும்போது சேர்ந்து போவோம். வாசிச்சு முடிச்சதும் ஒரு இடத்துல உக்காந்துக்கிட்டுக் கூப்பிடு. உன் குரலைக் கேட்டதும் நான் அழுதாலும் அழுவேன், பயந்துறாதே.

உன் அப்பா
அய்யாக்குட்டி