கரை உடைந்தபின் ஆசானுக்குப் போன திருமுகம்

நீர் நிலைக்க, நெல் விளைக, அஞ்சாது பேசும் நா வாழ்க.

மூவேரி நாடாளும் கோமான் வெண்குடைச் சேந்தனார் திருவாய்மொழிந்தருள, ஓலைநாயகன் நக்கன் பொதுவன் எழுதியது. ஏரிகாக்கும் முறை பயிற்றும் மதகுக் கல்விச்சாலையில் ஆசானாய் வீற்றிருந்து, இப்போது தமையனார் மனையில் தங்கியிருக்கும் கண்ணந்தையார் திருமுன் இவ்வோலை சேர்க. தங்கள் ஊரும் உற்றாரும் நலம் பெறுக.

தாங்கள் மாணாக்கரை வட்டமாய் இருத்தி, வினாவை நடுவே வைத்து, பத்து மூச்சு எண்ணுமட்டும் எவரையும் பேசவிடாது, பின் நிலையில் கடையிடத்தவரை முதலில் பேசவைப்பீர்கள். மறுப்பவர் எதிராளி சொன்னதைத் தம் வாயால் ஒருமுறை சொல்லிய பின்னரே மறுக்கலாம். ஒருநாள் சாலைக்கு எழுந்தருளிய கோமான், மடைக்காவலன் மகள் குறுங்கோதை உடன்பயிலும் இளவரசர் எயினனாரை மறுத்துரைக்கக் கேட்டு, இது கல்விச்சாலையா சந்தைக்கடையா என்று சினந்தார். இனி இளவரசரே முதலில் விடை சொல்லவும், ஏனையோர் ஆமென்று அமையவும் பணித்தார். தாங்கள் எழுத்தாணியை வைத்துவிட்டு வெளியேறினீர்கள். அடியேனும் அங்கேதான் நின்றேன். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? என் தலைக்கு அஞ்சினேன், அவ்வளவே.

ஐப்பசியில் பேரேரி ததும்பிற்று. மதகைத் திறப்பதா என்று முடிவுசெய்யும் பொறுப்புடைய சாலையார் கரைமேல் கூடியபோது, இன்னும் தேக்கலாமென்று இளவரசர் சொன்னார், ஏனை மாணாக்கர் பதினால்வரும் ஆமென்றனர். வடகரையை நண்டு குடைந்திருந்ததைக் குறுங்கோதை முதல்நாளே கண்டிருந்தாள். அவளும் ஆமென்றாள். பொழுது சாயுமுன் வடகரை போயிற்று. அங்கு நின்ற இளவரசரும் போயினார். ஐயோ, எப்பேர்ப்பட்ட பிள்ளை! எவர் மறுத்தாலும் முகம் சுளியாமல் கேட்ட பிள்ளை.

ஏன் சொல்லவில்லையென்று கோமான் வினவ, அரசர் வகுத்த முறையென்று மட்டும் விடையிறுத்து அவள் விம்மினாள். அவளைத் தண்டிக்க வேண்டுமென்று அவையோர் கூவினர். கோமானோ அரியணையில் இருக்கமாட்டாமல் தரையில் அமர்ந்து, மகனைத் தின்றது ஏரியன்று, தம் வாயே என்று கதறினார். மூன்று நாளாயிற்று, ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

ஆதலின் தாங்கள் திரும்பி வருக. இளவரசரே முதலில் பேசவேண்டுமென்ற பழைய கட்டளையோலை தீயிலிடப்பட்டது. இளவரசர் எவர் பிழையால் மாண்டார் என்பதையே முதல் வினாவாக வைத்திடுக. குறுங்கோதை முதலில் பேசுக. கோமானும் முடியின்றி வந்து வட்டத்தில் அமர்வார். அனைவரும் பேசி முடிக்குமட்டும் வாய் திறவார்.

இஃது அரசாணை என்று முடிக்கப்போனேன். வேண்டாம், பிள்ளையைப் பறிகொடுத்தவன் கேட்டுக்கொள்கிறான் என்றெழுது என்றார். அவ்வண்ணமே எழுதி, நாரை முத்திரையிட்டு அனுப்பினேன்.