மேடையில் கொராலி சொன்ன பெயர்

லா லூவியேர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு

என் மகன் சில்வானோவுக்கு அம்மா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் வலி மழை நாளில் மட்டும்தான். இங்கே மழை இல்லாத நாள் எது என்று நீ கேட்பாய். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டால் இரண்டுக்கும் ஆமாம் என்றே எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

புதன்கிழமை சிறை வாசலில் கொடுத்துவிட்டு வந்த துணிப்பை உன் கைக்கு வந்திருக்கும். நீலச் சட்டையின் காலர் தேய்ந்து போயிருந்தது. பிரித்து, மறுபுறம் திருப்பித் தைத்திருக்கிறேன். தையல் கொஞ்சம் கோணல், கண் முன்போல் இல்லை. கம்பளி பனியனை அங்கே வெந்நீரில் போட விடாதே, சுருங்கிவிடும்.

உன் பெண்டாட்டி ஃபபியன் இன்னும் அவள் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள், வருகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உன் மகள் கொராலி என்னோடு இருக்கிறாள். உன் பழைய அறையில்தான் படுக்கிறாள். சுவரில் நீ ஒட்டியிருந்த கால்பந்துப் படங்களைக் கிழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ செய்தித்தாளைப் பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். அங்கே யாரோ கொண்டுவந்து உன் கையில் கொடுத்திருப்பார்கள், அப்படிப்பட்ட நல்ல மனசுக்காரர்களுக்கு எந்த இடத்திலும் பஞ்சம் இல்லை. அதில் இருந்தது ஒரு படம், கீழே சில வரிகள். சில வரியில் என்ன தெரியும்? நான் அந்த மன்றத்தில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை நான் சொல்கிறேன். கிழிக்க வேண்டும் என்று தோன்றினால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

கடைசி வருஷம் படிக்கும் பிள்ளைகளுக்கு நகர மன்றத்தில் நடக்கிற அந்தப் பேச்சுப் போட்டி உனக்கு மறந்திருக்காது. உன் காலத்தில் நீயும் பெயர் கொடுத்தாய், அன்றைக்குக் காலையில் வயிற்றுவலி என்று போர்வைக்குள் போனாய். இந்த வருஷம் கொடுத்த தலைப்பு, பொது வாழ்க்கையில் இருப்பவர்களில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் என்பது. கொராலி விண்வெளிக்குப் போய்வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டதாகச் சொன்னாள். என் சமையலறையில்தான் ஒத்திகை. நான் உருளைக்கிழங்கு தோல் சீவுவேன், அவள் அடுப்பு ஓரம் நின்று பேசுவாள். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. பூமி அங்கிருந்து பார்த்தால் எவ்வளவு சின்னது என்று வரும் இடத்தில் கையை எப்படி வைக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லிக் கொடுத்தேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆடு மேய்க்கப் போனவள் விண்வெளியைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்றைக்கு எனக்கு முதல் வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நம் தெரு அயொலாந்தா. அவள் பேத்தியும் பேசினாள், முகத்துக்குச் சாயம் பூசுவது எப்படி என்று படம் பிடித்துப் போடுகிற யாரோ ஒரு பாட்டுக்காரியைப் பற்றி. பாதியில் மறந்துபோய் நின்றுவிட்டாள், பாவம். ஒரு பையன் சைக்கிள் பந்தய வீரனைப் பற்றிப் பேசினான், அந்த ஆள் கால் முடியை மழிப்பதுவரை ஒன்றையும் விடவில்லை. சபை சிரித்தது. அதற்குப் பிறகுதான் கொராலியைக் கூப்பிட்டார்கள்.

நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை. தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். உன் நெற்றி அவளுக்கு. நான் என் வாயை அசைக்கத் தொடங்கினேன், முதல் வாக்கியம் எனக்குத் தெரியுமே. அவள் வாயிலிருந்து வந்தது வேறு. "நான் மதிக்கிற மனுஷி மதாம் கொலினே" என்றாள்.

சில்வானோ, அந்தப் பெயரைக் கேட்டதும் மன்றத்தில் இருமினவன்கூடப் பாதியில் நிறுத்தினான். யாருக்குத் தெரியாது? கட்டட வேலையில் சாகிறவர்களுக்காக டிவியில் பேசுகிறவள். உன் வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடினவள். கொராலி யாருடைய மகள் என்பதும் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அயொலாந்தா என் காதில் வந்து, "அப்பனை உள்ள தள்ளினவளையா இந்தப் பொண்ணு மெச்சுது?" என்றாள். "உம் பேத்திக்குப் பாதியில நின்னுபோச்சே, அதைப் போய்த் தேடு" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது, கை பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். முதல் வரிசையிலிருந்து எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று இருந்துவிட்டேன். இருந்ததும் நல்லதாகப் போயிற்று.

வழக்கு நடந்த நாட்களில் கொராலி பள்ளிக்குப் போகவில்லை, உனக்குத் தெரியுமா? எங்களுக்கும் தெரியாது. கோர்ட்டின் பின்வரிசையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதை மேடையில்தான் சொன்னாள். உன்னிடம் வேலை பார்த்துச் செத்துப் போனவனைப் பத்திரிகை மால்டோவாக்காரன் என்றது. உன் வக்கீல் பாதிக்கப்பட்டவர் என்றார். நீ, அந்த ஆள் என்றாய். வீட்டில் நாங்கள் மனிதனையே விட்டுவிட்டு, அந்த விபத்து என்று மட்டும் பேசினோம். மதாம் கொலினே ஒருத்திதான் ஒவ்வொரு தடவையும் அனதோல் என்று சொன்னாள் என்றாள் கொராலி. அவனுடைய அம்மா அந்தத் தூரத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாளே, அவளுக்கு மொழிபெயர்க்கிறவன் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லி முடிக்கும்வரை மதாம் கொலினே அடுத்த வாக்கியத்துக்குப் போகவில்லையாம். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தபோதும் போகவில்லையாம். அவ்வளவு பெரிய மனுஷி ஒரு கிழவிக்காகக் காத்து நின்றாள், அதனால்தான் மதிக்கிறேன் என்றாள்.

அதற்குப் பிறகு உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். பாறை சரிந்து அவர் சுரங்கத்துக்குள் செத்த அன்று கம்பெனியிலிருந்து ஒருவன் வந்தானே, உனக்கு எட்டு வயசு, என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எத்தொரே என்று அவர் பெயரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சுரங்கத்தில் அவருக்குக் கொடுத்திருந்த விளக்கின் எண்ணைச் சொல்லி, விளக்கு எண் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றான். நான் அவளுக்கு எப்போதோ சொன்ன கதை. "எங்க வீட்டு ஆம்பளைக்குப் பேர் இல்லாமப் போன அன்னிக்கு எங்க பாட்டி அழுதா. எங்க வீட்டு ஆள்கிட்ட வேலை பார்த்தவனுக்குப் பேர் இல்லாமப் போனப்போ நாங்க யாரும் அழலை" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அவளைத் தனியாக விட்டதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது.

பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நீ நம்ப வேண்டும். உன்னைப் பற்றி ஒரு கெட்ட சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை.

பேசி முடித்ததும் நடுவர்கள் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். அந்த நோட்டரி இருக்கிறாரே, மீசைக்காரர், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியானால் உன் அப்பாவைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்றார். கேட்கலாமா அப்படி? என்ன மனிதர்! கொராலி அவரை நேராகப் பார்த்தாள். "அவர் எங்கப்பா. நீங்க குடுத்த தலைப்பு அது இல்லையே" என்றாள்.

முதல் பரிசு கொடுத்தார்கள். சபை எழுந்து நின்று கை தட்டியது, அயொலாந்தாவும்தான். என் வாழ்நாளில் அப்படி ஒரு பெருமை எனக்கு வந்ததில்லை, அப்படி ஒரு வலியும் வந்ததில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்ன செய்வாள்? நானும் கை தட்டினேன்.

வீட்டுக்கு வந்து கோபத்தில் இரண்டு பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். ஏண்டி என்னிடம் மறைத்தாய் என்றேன். "சொல்லியிருந்தா நீ சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்க மாட்ட, நோனா" என்றாள். நோனா என்று கூப்பிட்டால் இந்தப் பாட்டியின் கோபம் இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். போட்டிருப்பேன், திட்டிக்கொண்டே போட்டிருப்பேன் என்றேன். அவள் டீச்சர் அந்தப் பேச்சை மதாம் கொலினேவுக்கு அனுப்பலாம் என்று கேட்டாளாம். கொராலி ஒத்துக்கொள்ளவில்லை. இது அவங்களுக்காகப் பேசினது இல்லை என்றாளாம். யாருக்காகப் பேசினாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை இதற்குமேல் எழுதக் கை ஓடவில்லை. இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன புதன்கிழமை கண்ணாடிக்குப் பின்னால் இருந்த காவலாளிப் பையன் எங்கள் இரண்டு பேருடைய அட்டையையும் வாங்கிக்கொண்டு உள்ளே போன் பேசினான். பிறகு என்னைப் பார்த்து, அம்மா மட்டும் வரலாமாம், மகள் வேண்டாமாம் என்றான். அவனுக்கே சங்கடமாகப் போய்விட்டது, கொராலியின் முகத்தைப் பார்க்காமல் அட்டையைத் தள்ளினான். நான் துணிப்பையைக் கொடுத்துவிட்டு அவளோடு திரும்பிவிட்டேன். நீ அங்கே எனக்காகக் காத்திருந்திருப்பாய். காத்திருந்தால் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரியட்டும் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நல்ல காற்று. அவள் அழவில்லை. எனக்காகக் கொண்டுவந்த ஆரஞ்சை உரித்து, பாதியை என் கையில் வைத்தாள், இரண்டு பேரும் தின்றோம். அப்போதுதான் சொன்னாள். "நான் அவரைத் திட்ட வரலை, நோனா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

என்ன கேட்பாள் என்று எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் அங்கே யாராவது படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். கோர்ட்டில் எல்லோருக்கும் முன்னால் வந்த விஷயம்தானே. அன்று காலை முழுக்க மழை. மழை விட்ட கொஞ்ச நேரத்தில் அவன் சாரத்திலிருந்து விழுந்தான். சட்டை, கால்சட்டை, காலுறை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இடுப்பில் இருந்த பாதுகாப்பு பெல்ட் மட்டும் காய்ந்திருந்தது. அந்தப் புகைப்படத்தைத்தான் மதாம் கொலினே தூக்கிக் காட்டினாள். நீ வேனுக்குப் போய் பெல்ட்டை எடுத்து வந்து, முன்பே போட்டிருந்ததுபோல் அவனுக்குப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாய் என்றாள். அதை நீ ஒத்துக்கொண்டாய். விழுந்த பிறகு கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பெல்ட் போடும்போது அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தானா என்று உன்னிடம் கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றாய்.

பின்வரிசையில் தொப்பிக்குள் உட்கார்ந்து அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், மகனே. அவள் கேட்க வருவது அதைத்தான்.

சனிக்கிழமை அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. இனி அவள் தனியாக வரலாம், என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்று காலை முதல் பஸ்ஸில் வருவாள். அந்தக் காவலாளிப் பையன் மறுபடி அட்டையை அவள் பக்கம் தள்ளும்படி செய்துவிடாதே. இறங்கி வா. அவளுக்கு எதிரே உட்கார்.

ஞாபகம் இல்லை என்பது கோர்ட்டுக்குப் போதும். தண்டனையைப் போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவளுக்குப் போகும் வீடு நீதான். நீ உண்மையைச் சொன்னால் அவள் எழுந்து போகமாட்டாள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. போகலாம். போனால் ஒருநாள் திரும்பி வருவாள், அவள் என் பேத்தி, எனக்குத் தெரியும். ஞாபகம் இல்லை என்று அவளிடமும் சொன்னால் எழுந்து போகமாட்டாள். மணி அடிக்கும்வரை மரியாதையாக உட்கார்ந்திருப்பாள். அதற்குப் பிறகு வரமாட்டாள்.

எனக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். அன்று சாயங்காலம் போலீஸ் விட்டதும் நீ உன் வீட்டுக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்தாய். சூப் வைத்தேன். ஆறிப்போகும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு கை கழுவினாய், என் அடுப்புத் துண்டில் துடைத்தாய், துடைத்துக்கொண்டே இருந்தாய். உன்னைப் பெற்றவளுக்கு அதற்குமேல் கோர்ட் எதற்கு?

போன ஞாயிறு கோவிலில் உன் அப்பாவுக்கு ஏற்றும் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இன்னொன்று ஏற்றினேன். அனதோல் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் ஏற்றினேன். முதல் தடவை நாக்கு புரளவில்லை. பிறகு வந்துவிட்டது. உனக்கும் வரும்.

சனிக்கிழமை நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. நீ அவளிடம் என்ன சொன்னாலும், அவள் என்ன செய்தாலும், அதற்கடுத்த புதன்கிழமை நான் துவைத்த துணியோடு அந்த வாசலில் நிற்பேன். அதில் சந்தேகம் வேண்டாம். மாதா உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் வாயைத் திறக்கட்டும்.

உன்னை நெற்றியில் முத்தமிடும்
அம்மா அசுந்தா