பாதிப் பிரேரணையும் உன் உம்மாவும்

ஏறாவூர்
புதன்கிழமை

அன்பு மகள் றிஸ்லாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் மருமகன் அம்ஜதும் அங்கே சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். உடம்பளவில் என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, கடைசிவரை வாசி. போனில் சொல்லலாம்தான், ஆனால் மூன்று நாளாக என்னோடு பேசாத உன் உம்மா, நான் போனை எடுத்தால் மட்டும் பக்கத்தில் வந்து நிற்கிறார். அதனால் வெள்ளிக்கிழமை டோஹாவுக்கு வருகிற றிப்ஷானிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நம்மட நகரசபையில் குப்பை டிரக்டர் ஓட்டும் சதீசனை உனக்குத் தெரியாது, நீ கல்யாணம் முடித்துப் போன பிறகு வேலைக்கு வந்தவன். வேலையில் குறை சொல்ல முடியாது, குடிதான் அவனுக்கு வியாதி. பெப்ரவரியில் தானாகவே என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, “சேர், இனி ஏலாது, இருபத்தெட்டு நாள் தங்கி மருந்தெடுக்கச் சொல்லி டொக்டர் எழுதித் தந்திருக்கார், காப்புறுதியில எடுத்துத் தாங்க” என்று கேட்டான். ஒரு குடிகாரன் தன் வாயால் இதைச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை, சபை ஊழியருக்கும் குடும்பத்துக்கும் எடுத்திருக்கும் காப்புறுதிக் கம்பனிக்குப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். மனநோயும் போதைப் பழக்கமும் உள்ளடங்காது என்று கம்பனியிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயரை எழுதிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்த காலமெல்லாம் குடித்துக்கொண்டே டிரக்டரை ஓட்டினான். மார்ச் கடைசியில் வாவிக்கரை வீதியில் டிரக்டர் மதகில் மோதிக் கவிழ்ந்தது, பின்னால் குப்பைப் பெட்டியில் நின்ற கேதீஸ்வரி என்ற தொழிலாளிக்குக் கால் முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இப்போது கேள், அதே கம்பனி கேதீஸ்வரியின் காலுக்கு உடனே பணம் கட்டியது. காலை முறித்த வியாதிக்கு மட்டும் சதம் இல்லை.

அதன் பிறகுதான் தவிசாளருக்குக் கண் திறந்து, மனநோய், போதை இரண்டையும் காப்புறுதியில் சேர்த்தால் சபைக்கு என்ன செலவு என்று பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார். நீயும் அங்கே காப்புறுதிக் கம்பனியில்தானே வேலை என்று போனில் உன்னிடம் கேட்டபோது, எல்லாவற்றையும் கவர் பண்ணினால் எல்லாருக்கும் பிரீமியம் ஏறும் வாப்பா என்று நீயும் கம்பனிக்காரி மாதிரியே சொன்னாய், எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு போனை வைத்தேன். ஏறும்தான், யார் இல்லை என்றது? ஊழியர் அறுபத்துநாலு பேருக்கும் ஆளுக்கு மாதம் நூற்றுமுப்பது ரூபாய் சபை கூடுதலாகக் கட்ட வேண்டும், அவர்களும் அவ்வளவு கட்ட வேண்டும். ஆனால் கவிழ்ந்த டிரக்டரைத் திருத்தச் சபை கொடுத்த காசு அந்தச் செலவை நாலரை வருடத்துக்குக் கட்டக் காணும். மதகு திருத்தியதை நான் சேர்க்கவேயில்லை. ஊர்ப்பணம் எப்படியும் போகத்தான் போகிறது மகள், மருந்துக்குப் போகிறதா இரும்புக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி.

திங்கட்கிழமை கூட்டத்தில் என் அறிக்கையை வாசித்தேன். உறுப்பினர் உசனார் பாதியிலேயே எழும்பி, “குடிகாரனுக்கு ஊர்ச் சல்லியா? பைத்தியத்துக்கும் நாமளா கட்டுற? நம்மட ஆக்கள்ல ஆருக்கு இரிக்கி இந்த வருத்தம்?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பிரதம இலிகிதரான நான் கூட்டத்தில் கேட்டதற்குத்தான் பதில் சொல்லலாம், கருத்துச் சொல்லக் கூடாது. அவர் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். “என்ட ஊட்ட இரிக்கி, என்ட மனிசி ஹஸீனா ஆறு வருசமா மனநோய்க் கிளினிக்குக்குப் போறா” என்றேன்.

மகள், இதைத்தான் வேறு யாரும் சொல்வதற்கு முன் நான் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மாதாமாதம் பிரஷருக்கு மருந்தெடுக்கப் போகிறோம் என்று உனக்குச் சொன்னதெல்லாம் பொய். நீ டோஹாவுக்குப் போன வருடம் உம்மா தூங்காமல், சாப்பிடாமல், அடுப்பையும் மூட்டாமல் குசினியில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வாவியைப் பார்த்துக்கொண்டு, எறங்கிப் போயிரலாம் போல இரிக்கி என்றார். அன்றே கூட்டிக்கொண்டு போனேன். மருந்தில் தேறினார், இன்று நன்றாக இருக்கிறார். நீ போனதால் வந்த வியாதி இல்லை இது, டொக்டரிடம் நானே கேட்டேன், உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே.

கூட்டம் என்ன முடிவெடுத்தது தெரியுமா? என் முகத்துக்காக மனநோயைச் சேர்த்தார்கள். போதையை வெட்டிவிட்டார்கள், அது பாவமாம், வியாதியில்லையாம். பாதிப் பிரேரணை நிறைவேறியது. எனக்காக நான் கேட்கவேயில்லை, கேட்டவனுக்குக் கிடைக்கவேயில்லை. சதீசன் செய்தியைக் கேட்டுவிட்டு, “பரவாயில்ல சேர், ஒங்கட வீட்டம்மாக்காவது கிடைச்சிச்சே” என்று சொல்லிவிட்டுப் போனான், ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தால், நான் வருவதற்கு முன்பே கதை வந்து சேர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து உம்மா சோற்றை வைப்பார், போவார். கேட்காமல் பெயரைச் சொன்னது என் பிழைதான்.

இதுவரை எழுதி மேசையில் வைத்துவிட்டு அஸர் தொழப் போனேன். திரும்பி வந்தால் உம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்துக்கொண்டிருக்கிறார். வாசித்து முடித்து, “புள்ளக்கி நான் சொல்லியிருக்கோணும், நீங்க எழுதிட்டீங்க, சரி” என்றார். பிறகுதான் ஏச்சு விழுந்தது. “ஊரெல்லாம் என்ட பேரச் சொல்லிட்டு, அந்தப் பொடியன்ட பேர வெட்ட உட்டுட்டு வந்திருக்கீங்களே! சொன்னதுதான் சொன்னீங்க, முழுசாச் சொல்லி முழுசா வாங்கிட்டு வரத் தெரியாதா?” என்று கேட்டார். இப்போது என் பக்கத்தில் இருந்துகொண்டு, போதையையும் சேர்க்கச் சொல்லி அடுத்த கூட்டத்துக்கு ஒரு மனு எழுதச் சொல்கிறார். அரசாங்க ஊழியன் நான் கையெழுத்து வைக்க முடியாதே என்றேன். ஒங்கள ஆர் வைக்கச் சொன்ன, நான் வைக்கிறன், நானே கொண்டுபோய்க் குடுக்கிறன் என்றார்.

அம்ஜதுக்கு ஸலாம் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, ஏசிக் குளிரில் தலை மூடாமல் தூங்காதே. உன் கம்பனியில் இந்த வியாதிகளுக்கு எப்படிக் கட்டணம் போடுகிறார்கள் என்று கேட்டு மறக்காமல் எழுதி அனுப்பு, மனுவோடு இணைக்க வேண்டும், உம்மா கேட்கிறார். அல்லாஹ் உங்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் மறைக்காமல் பேசுகிறவர்களாக வைத்திருப்பானாக, ஆமீன்.

துஆவுடன்,
வாப்பா
மர்சூக்

(மகள், மனுவில் முதல் கையெழுத்து என்ட. கேதீஸ்வரியும் வைக்கிறன் எண்டு சொல்லியிரிக்கா. – உம்மா)